அறுநூற்றுப் பன்னிரண்டு இழுப்பு

சனிக்கிழமை காலையில் பித்தளை தேய்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பித்தளை என்று இருப்பது ஒன்றே ஒன்று. கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான, நடுவிரலைவிடச் சற்று நீளமான ஒரு குழாய். கொல்லையில் காய்க்கும் கமியாஸ் காயைப் பிளந்து, அந்தப் புளிப்புச் சாறு வடிய வடியத் தேய்த்தால் கறுப்பு விட்டுப் போகும். பிறகு ஈரத்துணி. அதன் பிறகு சந்திங்கின் பழைய பனியன். மரை ஓடும் இடங்களில் சாறு தங்கிவிடாமல் தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைக்க வேண்டும். தங்கினால் பச்சை பிடிக்கும். எல்லாம் முடிந்ததும் சாமி மாடத்தில் குழந்தை ஏசுவுக்கு வலப்பக்கம் நிறுத்திவைப்பேன். புதிதாக வருகிறவர்கள் அதை மெழுகுவர்த்தித் தண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அது என் கணவர் சந்திங்கின் வேப், சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற பேட்டரிக் குழாய். அவர் அதை வாயில் வைத்து நான்கு வருஷம் ஆகப் போகிறது.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் அவர் நிற்கும் சத்தம் கேட்கும். நிற்பதற்கும் சத்தம் உண்டு. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினான்கு படி. ஏழாவதில் ஒரு முறை, பதினொன்றில் ஒரு முறை. இருமல் வந்தால் பன்னிரண்டிலும்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கிரிசாந்தோ. எங்கள் ஊர் மரிக்கினாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மோட்டார் காயில் கட்டுகிற சந்திங் என்றால் ஆற்றங்கரை வரைக்கும் வழி சொல்வார்கள். பதினாறு வயதில் ஒரு மின்விசிறிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், இருபத்திரண்டில் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டு, புதுக் கம்பியை நானூறு சுற்று, ஐந்நூறு சுற்று என்று எண்ணிச் சுற்றுவார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். எண்ணிக்கை தவறிவிடும். ஆமாம் என்றால் புருவம் இரண்டும் ஒரு முறை மேலே போகும். எங்கள் ஊரில் எல்லோரும் புருவத்தால் ஆமாம் சொல்கிறவர்கள்தான். ஆனால் இவருக்கு அதுவே பாதிப் பேச்சாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான். கேட்டது நான்.

எனக்கும் எண்ணுகிற வேலைதான். செருப்புத் தொழிற்சாலையில் செக்கிங். இருபத்தாறு வருஷம். ஜோடி ஜோடியாக வரும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் போட வேண்டும். செருப்பிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

ஆறு பெருகி ஊரே மூழ்கிய வருஷம், தண்ணீர் வடிந்த மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் மின்விசிறிகள் வரிசை கட்டி நின்றன. சேறு வழிகிற மின்விசிறிகள், துணி துவைக்கிற மெஷின்கள், ஒரு கல்யாண மண்டபத்தின் தண்ணீர் மோட்டார். எட்டு மாதம் சந்திங் நிமிரவில்லை. அப்போதுதான் பட்டறையை மாடிக்கு ஏற்றினார். இனி ஆறு வந்தாலும் அங்கே வராது என்றார். சிகரெட் இரண்டு பாக்கெட்டாக ஏறியதும் அப்போதுதான். எதிரே ஆலிங் பசிங் என்கிற அம்மாவின் பெட்டிக்கடையில் ஒவ்வொரு குச்சியாக வாங்குவார். கடைக் கம்பியில் நூலில் தொங்கும் லைட்டரில் அங்கேயே பற்றவைத்துக்கொண்டு வருவார். பாக்கெட்டாக வாங்கினால் நிறைய ஆகிவிடுமாம். குச்சியாக வாங்கி நாற்பது.

நான்கு வருஷம் கழித்து, சுகாதார நிலையத்து டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல மாடி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. பட்டறையே மாடிலதான்."

"சிகரெட்ட நிறுத்தினா மாடில இருக்கும். நிறுத்தலேன்னா ரெண்டு மூணு வருஷத்துல கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். பட்டறைய இல்ல, உங்கள. தூக்கிட்டு வரணும்."

சந்திங்கின் சிநேகிதன் லாரியோ இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருந்தான். அந்த வருஷம் ஊரில் வேப் கடைகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. பையன்கள் ஓடையோரம் கூடி யார் புகை பெரியது என்று போட்டி போட்டார்கள். லாரியோவுக்கு அதில் நல்ல வேலை. பித்தளையிலும் செம்பிலும் குழாய் கடைந்து கொடுப்பான். ஒரு நாள் ஒரு குழாயைக் கொண்டுவந்து சந்திங்கின் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் வைத்தான்.

"பாரே, இது மெக். உள்ள ஒரு பேட்டரி, அடில ஒரு பொத்தான், மேல நீ கட்டுற காயில். அவ்வளவுதான். இதுக்கு மூளை கிடையாது. மூளை பிடிச்சிருக்கிறவன்கிட்ட இருக்கணும்."

"அப்ப எனக்கு வேணாம். எனக்கு அது கிடையாதுன்னு நெனி இருபது வருஷமாச் சொல்லிட்டு இருக்கா."

"நெனி ஆதே சொல்றது சரிதான். இருந்தாலும் இழுத்துப் பாரு."

நெனி நான்தான். நெனித்தா. எங்கள் பேச்சில் ஆதே என்றால் அக்கா, குயா என்றால் அண்ணன்; நண்பனைப் பாரே என்போம், சிநேகிதியை மாரே என்போம். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சந்திங் சிகரெட் தொடவில்லை. ஒரு குச்சிகூட. காயில் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை. மெல்லிய கம்பியை ஒரு ஆணியில் ஆறு சுற்றுச் சுற்றி, பஞ்சைக் கோத்து, ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழாயில் பூட்டுவார். குழாயில் திரை கிடையாது, எண் கிடையாது. பேட்டரி முழுசாக இருக்கும்போது புகை காரமாக இருக்கும், இறங்க இறங்க ருசி மெலியும், நாக்கே சொல்லிவிடும் என்பார். காலையில் ஒரு பேட்டரி, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பேட்டரி. இரண்டாவது மெலிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவது பேட்டரி வாங்கவே இல்லை. லாரியோ ஒன்று சும்மா கொடுத்தபோதுகூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது அவராக வைத்துக்கொண்ட அளவு. என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் காதில் வாங்கியிருக்கிறேன். ஆனால் கணவன் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற அளவை எந்தப் பெண்டாட்டி பெரிதாக எடுத்துக்கொள்கிறாள்?

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. படியில் நிற்பது நின்றிருந்தது. தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போது கடைசி அடி வரைக்கும் மூச்சு வந்தது.

ஒரு மத்தியானம், துவைக்க எடுத்த அவருடைய கால்சட்டை என் கையைச் சுட்டது. பையில் குழாய். அடியில் உள்ள பொத்தானுக்கு ஒரு பூட்டு வளையம் உண்டு. திருகிவிட்டால் பொத்தான் அமுங்காது. அன்றைக்கு மறந்திருக்கிறார். துணிக்குவியலில் மேலே கிடந்த போர்வையின் கனத்தில் பொத்தான் அமுங்கியே இருந்திருக்கிறது. பைத்துணி டீத்தூள் நிறத்தில் கருகியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. வாளித் தண்ணீரில் போட்டேன், புஸ்ஸென்றது.

"எங்கேயோ ஒருத்தனுக்குப் பையிலேயே வெடிச்சிருக்காம். தொழிற்சாலைல சொன்னாங்க," என்றேன்.

"பேட்டரியத் தண்ணில போட்டியா?"

"உன்னைத்தான் போட்டிருக்கணும். இந்த மூளையில்லாததை விட்டுடு. மூளை இருக்கிறதா ஒண்ணு வாங்கிக்கோ. இல்லேன்னா எதுவும் வேணாம்."

"எதுவும் வேணாம்னா ஆலிங் பசிங் கடைக்குத்தான் போகணும், நெனி."

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாக புட்சோயின் கடைக்குப் போனோம். முடி வெட்டும் கடைக்கும் கோழி வறுவல் வண்டிக்கும் நடுவில், ஆறடி அகலம், கண்ணாடி அலமாரி. புட்சோய்க்கு முப்பது வயது இருக்கும். கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருப்பான்.

"குயா சந்திங்! ஆதேயையும் கூட்டிட்டு வந்தாச்சா? இனிமே கடை விளங்கினாப்பலதான்."

"வாய் பேசாம, வெடிக்காததா ஒண்ணு காட்டு," என்றேன்.

"வெடிக்கிறதுன்னு எழுதி யாரும் விக்கிறதில்ல ஆதே," என்றபடி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். சோப்புக் கட்டி அளவு. சின்னத் திரை, கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். "வோல்ட்டு நம்ம இஷ்டம். ஏத்தலாம், இறக்கலாம். காயில் சரியில்லேன்னா இழுக்கவே விடாது. பத்து செகண்டுக்கு மேல அமுக்கினாத் தானா அணைஞ்சுடும். அஞ்சு தடவை அமுக்கினாப் பூட்டிக்கும். தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கலாம்."

சந்திங் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி இறங்கினா ருசி இறங்குமா?"

"இறங்காது குயா. அதுதானே இதுல விசேஷம். கடைசி வரைக்கும் ஒரே வோல்ட்டு, ஒரே ருசி."

"அப்ப எப்ப நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்?"

புட்சோய் சிரித்தான். "எதுக்கு நிறுத்தணும்? கேபிளைச் சொருகிட்டு இழுத்துட்டே இருங்க."

சந்திங் என்னைப் பார்த்தார். "கேட்டியா? எனக்கு அந்தக் குழாய்தான் சரிப்படும், நெனி. வளையத்தை மறந்தது என் தப்பு. இனிமே மறக்கமாட்டேன்."

"நீ மறக்கமாட்டேன்னு சொன்னதை எல்லாம் எழுதி வெச்சா சுவர் பத்தாது."

"வாயில வைக்கப் போறது யாரு?"

"துணி துவைக்கிறது யாரு?"

கோழி வறுவல்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். சந்திங் இன்னும் ஒரு நிமிஷம் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புருவத்தை உயர்த்தினார். வீட்டுக்கு வந்ததும் பித்தளைக் குழாயிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு, அதைக் குழந்தை ஏசுவுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ பாத்துக்கோப்பா. என் பொண்டாட்டிக்கு என்மேல நம்பிக்கை இல்ல," என்றார் சாமியிடம். எனக்குக் கேட்கத்தான் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பெட்டியோடு வந்த மடிப்புத்தாளை நான்தான் முழுசாகப் படித்தேன். கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் இதுவரை எத்தனை இழுப்பு என்று திரையில் வரும் என்று அதில் இருந்தது. சந்திங் அந்தத் தாளைத் தொடவேயில்லை.

முதலில் விளையாட்டாகத்தான் பார்த்தேன். காலையில் அவர் குளிக்கப் போகும்போது பெட்டி சாப்பாட்டு மேசையில் இருக்கும். நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். நூற்று எழுபது, நூற்று அறுபத்தைந்து, நூற்று எண்பத்திரண்டு. கூடினால் அன்றைக்குக் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன். குறைந்தால் சோற்றோடு கருவாட்டுக்குப் பதில் முட்டை வறுப்பேன். அவருக்கு ஏன் என்று தெரியாது. ஆறு மாதம் இப்படி. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட எனக்கு அது சுலபமாக இருந்தது. தொழிற்சாலையில் செய்வதை வீட்டிலும் செய்தேன்.

ஆகஸ்டில் லாரியோ செத்துப்போனான். லேத் முன்னால் நின்றவன் அப்படியே உட்கார்ந்தான். இதயம். ஐம்பத்தொரு வயது.

ஏழு நாள் உடலை வீட்டில் வைத்திருந்தார்கள். ஒரு தம்பி கப்பலில் இருந்து வர வேண்டியிருந்தது. முன்னறையில் சவப்பெட்டி, வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். லேத் மெஷினை வெள்ளைத் துணியால் மூடி, அதன்மேல் காப்பி பிளாஸ்க்கும் பிஸ்கட் தட்டும் வைத்திருந்தார்கள். ஆண்கள் முறை வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். சீட்டாட்டம், தர்பூசணி விதை, பேச்சு. சந்திங் குளிக்கவும் சட்டை மாற்றவும் மட்டும் வீட்டுக்கு வந்தார்.

நான்காம் நாள் காலை அவர் குளிக்கும்போது பெட்டியை எடுத்து இரண்டு பொத்தானையும் அமுக்கினேன். முந்தின நாள் முப்பத்தோராயிரத்து நானூற்று எட்டு. இப்போது முப்பத்திரண்டாயிரத்து இருபது.

இரண்டு முறை கழித்துப் பார்த்தேன். ஒரே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு.

அவர் தலையைத் துவட்டியபடி வந்தார். கண் சிவந்திருந்தது. அப்போதே கேட்டிருக்கலாம். சமையலறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் கேட்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டு போனார். காலை முழுவதும் அந்த எண் என் தலைக்குள் ஓடியது. டாக்டரம்மா சொன்ன மாடி, தூக்கிக்கொண்டு இறங்குவது, லாரியோவின் சவப்பெட்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மத்தியானம் இஞ்சி போட்ட கஞ்சியை ஒரு பெரிய சட்டியில் எடுத்துக்கொண்டு லாரியோ வீட்டுக்குப் போனேன்.

பந்தலுக்குக் கீழே பதினைந்து பேர் இருந்தார்கள். சந்திங் நடுவில் உட்கார்ந்திருந்தார். கையில் பெட்டி. சட்டியை இறக்கி வைத்தேன்.

"லாரியோ போனான்னு நீயும் கூடவே போகலாம்னு இருக்கியா?"

"என்னாச்சு?"

"என்னாச்சா? அறுநூத்திப் பன்னெண்டு. நேத்து ஒரே நாள்ல அறுநூத்திப் பன்னெண்டு இழுப்பு! உன்னைப் பெத்த அம்மா செத்தப்பகூட இப்படிப் பண்ணல நீ."

லாரியோவின் தம்பி மோமோய் வாயிலிருந்த விதைத்தோலைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "அடேயப்பா, பாரே. நீ பொண்டாட்டி பாவாடைக்கு அடியில குடியிருக்கேன்னு தெரியும். அங்க கரண்டு மீட்டர் மாட்டியிருக்கிறது தெரியாமப் போச்சே."

சிரிப்பு வெடித்தது. சாவு வீட்டுச் சிரிப்பு, அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வருகிற சிரிப்பு. சந்திங் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ தெனமும் பாக்கறியா?"

"பாக்கறேன்."

"எப்போலேந்து?"

"வாங்கின ரெண்டாவது வாரத்துலேந்து."

"எப்ப பாப்ப?"

"நீ குளிக்கிறப்ப."

"நான் குளிக்கிறப்ப," என்றார். எழுந்து வந்து பெட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். அது சூடாக இருந்தது. "வெச்சுக்கோ. கணக்கு உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

லாரியோவைப் புதைத்த மறுநாள் ஆலிங் பசிங் கடையிலிருந்து புகையோடு தெருவைக் கடந்து வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு வருஷம் எட்டு மாசம், சந்திங்!"

"நீ எண்ணி வெச்சிருப்பேன்னு தெரியும்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு லாரியோவின் மனைவி ஒபெலியா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், இலையில் சுற்றிய அரிசிப் பணியாரத்தைக் கையில் திணித்தாள்.

"மாரே, சந்திங்குக்கு நான் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல. அவன் இல்லேன்னா அந்த ஏழு நாள்ல நானும் லாரியோ பக்கத்துல படுத்திருப்பேன்."

"ஏன்?"

"எனக்கு இளைப்பு இருக்கில்ல. சிகரெட் புகை பட்டாப் போதும். லாரியோவோட தம்பிங்க நாலு பேரும் விடாம ஊதறவங்க. வெளிய போய் ஊதுங்கன்னு சாவு வீட்ல எப்படிச் சொல்றது? சந்திங்தான் மூணாம் நாள் அந்தப் பெட்டிய எடுத்து நடுவுல வெச்சான். சாராயக் கிளாஸைச் சுத்தி விடுவாங்களே, அந்த மாதிரி. 'இன்னிலேந்து இங்க சிகரெட் கிடையாது, ஆளுக்கு ரெண்டு இழுப்பு, வலப்பக்கமாக் குடு, அடுத்தவன் காத்துட்டு இருக்கான்'னு. நாள் முழுக்க. பேட்டரி இறங்கினப்ப லாரியோ தலைமாட்டு விளக்குக்குப் போட்ட கரண்டுலயே கேபிளைச் சொருகினான். இருபது பேர் இருப்பாங்க. யாரும் ஒரு தீக்குச்சி உரசலையே. நீ வந்துட்டுப் போன பிறகும் அவன் பேச்சுக்காக எல்லாரும் தெருவுக்குப் போய்த்தான் ஊதினாங்க."

என் கையில் பணியாரம் இருந்தது. "அவர்?" என்றேன்.

"அவன் எங்க இழுத்தான்? 'ஊத்திக் குடுக்கிறவன் குடிக்கக் கூடாது'ன்னு சிரிச்சான். நான் பாத்த வரைக்கும் அவன் வாய்க்கு அது போகவே இல்ல."

"அன்னிக்கு நான் வந்து கத்தினப்ப ஏன் யாரும் சொல்லல?"

ஒபெலியா தரையைப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டி நடுவுல நாங்க எப்படி வாய் வைக்கிறது மாரே? அவனே சொல்லிடுவான்னு இருந்தோம்."

அந்தத் திரைக்கு எத்தனை முறை அமுக்கினார்கள் என்று தெரியும். யார் வாய் என்று தெரியாது. எங்கள் ஊரில் ஒரு கிளாஸ் வைத்து இருபது பேர் குடிப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். எனக்கு அது தோன்றவேயில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சொல்ல வேண்டியதை எல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டேன். மாடியில் அவர் ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் தகர மூடியில் சிகரெட் புகைந்தது.

"ஒபெலியா சொன்னா," என்றேன்.

புருவம் ஏறியது.

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏன் நீ சொல்லலை?" என்று வந்தது. அதுவும் ஒரு குற்றச்சாட்டுதான்.

அவர் சுற்றுவதை நிறுத்தினார். எண்ணிக்கை போயிருக்கும். "நீ கேக்கல, நெனி. நீ பாத்த," என்றார். பிறகு சுற்றியதை எல்லாம் பிரித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சண்டை போடுகிற மனுஷன் இல்லை அவர். அதற்குப் பிறகும் எல்லாம் நடந்தது. ஒன்றாகச் சாப்பிட்டோம், தேவாலயம் போனோம், மகள் பிரசவத்துக்கு அந்திப்போலோவில் இரண்டு வாரம் இருந்தோம். குளிக்கப் போகும்போது மட்டும், பையில் இருக்கிற குச்சிகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார். ஈரமாகிவிடாதா என்று நான் கேட்டதில்லை. மேசையில் எதையும் விட்டுவைப்பதில்லை.

பித்தளைக் குழாய் அவர் மூச்சைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அதுவும் புகைதான், மருந்து அல்ல. ஆனால் அதை வைத்திருந்தபோது அவர் அளவை அவரே வைத்திருந்தார். அந்த அளவை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டது நான்.

போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா இந்த முறை மாடியைப் பற்றிக் கேட்கவில்லை. "இனி ஒரு குச்சிகூட வேணாம்," என்றார். மழைக்காலத்துக்கு முன்னால் பட்டறையைக் கீழே இறக்கிவிடச் சொன்னார். வரும் வழியில் சந்திங் ஆலிங் பசிங் கடையில் நின்றார். நான் நிற்காமல் வீட்டுக்குள் போனேன்.

நேற்று குழாயையும் பெட்டியையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புட்சோய் கடைக்குப் போனேன். அவனுக்கு இப்போது தொந்தி.

"ரெண்டுக்கும் புது பேட்டரி போடு. காயில் கட்டிக் குடு," என்றேன். "பெட்டில இருக்கிற எண்ணிக்கையை அழிச்சுடு."

"மறைக்கவா, அழிக்கவா ஆதே?"

"அழி."

"குயாவுக்கு எது வேணுமாம்?"

"இன்னும் கேக்கல."

"அதை முதல்ல கேட்டுட்டு வந்திருக்கலாமே," என்றான். அவன் சும்மாதான் சொன்னான்.

இன்று காலை பித்தளையைத் தேய்த்து முடித்ததும் மாடத்தில் வைக்கவில்லை. பேட்டரியைப் போட்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சந்திங் ஒரு மேசை விசிறிக்கு மூடி பூட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் வைத்தேன்.

அவர் முதலில் குழாயை எடுத்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"கமியாஸா?"

"ஆமா."

"தெனமுமா?"

"சனிக்கிழமை மட்டும்."

அடியைத் திருகிப் பேட்டரியை வெளியே எடுத்து, உறை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தார். திரும்பப் போட்டார். பூட்டு வளையத்தை ஒரு திருகு திருகி, பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கவில்லை. குழாயை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார். எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பூச்சியம்," என்றார்.

"புட்சோய் அழிச்சான்."

"எவ்வளவு இருந்தது?"

முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் நாக்கு நுனியில் இருந்தது. கடைசி இலக்கம்வரை ஞாபகம் இருக்கிறது. "தெரியாது," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சற்றே சிரித்தார். மூன்று வருஷத்துக்கு மேலாக நான் பார்க்காத சிரிப்பு. அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும், சந்திங். சமையக்கட்டுலயே கேட்டிருக்கணும். பாத்தது தப்பு. அத்தனை பேர் முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோ."

பெட்டியைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒரே வரிசையில் வரும்படி விரலால் நகர்த்தினார்.

"உனக்கு எது சரியோ அதை எடுத்துக்கோ. நான் எண்ணமாட்டேன், பாக்கமாட்டேன். அந்தக் குச்சிய மட்டும் விட்டுடு. இப்ப கேக்கறேன். எது வேணும் உனக்கு?"

அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேசை விசிறியின் வயரைச் சுருட்டிக் கட்டினார். பிளக்கை விசிறியின் கம்பிக் கூண்டுக்குள் செருகினார். சட்டைப்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆலிங் பசிங்கோட விசிறி. காலைலயே கேட்டுட்டாங்க," என்றார்.

குழாயையும் பெட்டியையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, விசிறியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனார். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. எத்தனையாவது படியில் நின்றார் என்று எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.